தட்டாத கதவு

"அம்மா, வீடு இடிஞ்சு விழுந்தா நீ யாரை முதல்ல தூக்குவே?"

இதைக் கேட்டபோது சிட்டுவுக்கு நான்கு வயது. மரக்கட்டைகளை அடுக்கி ஒரு மாளிகை கட்டியிருந்தாள். அதைத் தன் காலாலேயே இடித்துச் சரித்துவிட்டு, சிதறிக் கிடந்த கட்டைகளைப் பார்த்தபடி கேட்டாள்.

"எல்லாரையும்தான்" என்றாள் அம்மா.

"உனக்கு ரெண்டு கைதானே இருக்கு?"

அம்மா பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "என்னைத் தூக்க வேணாம். உங்க அம்மாவுக்கு இடுப்புப் பிடிச்சுக்கும். நான் நடந்தே வந்துடறேன்" என்றார்.

ஜன்னலோரம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அத்தை தலை நிமிராமல் சொன்னாள். "என்னையும் தூக்க வேணாம். ஒரு குரல் கொடுத்தா போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். அன்று அது சிரிக்கத்தக்க பேச்சாகத்தான் இருந்தது.

சிட்டுவுக்கு இப்போது ஏழு வயது. அந்த மூன்றாம் மாடி வீட்டில் இன்றும் அதே நால்வர்தான். அப்பா நகரப் பேருந்து ஓட்டுகிறார். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அப்பாவின் அக்காவான அத்தை, ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்பவள். எந்த ரயில் எந்த நடைமேடைக்கு வருகிறது, எது எவ்வளவு தாமதம் என்று அவள் குரல்தான் ஊருக்குச் சொல்லும். அந்தக் குரல் தாமதம் என்று சொன்னால் யாருக்கும் கோபம் வராது என்பார்கள். அவ்வளவு நிதானம். திருமணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். தம்பி வீடே அவள் வீடு.

போன வாரம்வரை எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

போன வாரம் அம்மா யாருடனோ தொலைபேசியில் பேசும்போது, "ஒரு ரூம் மட்டும் காலியா இருந்தா சிட்டு உட்கார்ந்து படிக்க வசதியா இருக்கும்" என்றாள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. ஆனால் அது கதவுக்கு அந்தப்பக்கம் நின்ற அத்தையின் காதில் விழுந்தது. மறுநாளே, வேறு ஊர் நிலையத்துக்கு மாற்றல் கேட்டிருப்பதாகச் சொல்லிவிட்டாள். ரயில் தாமதத்தைச் சொல்லும் அதே குரலில்.

'அப்படி நினைச்சு சொல்லலை அண்ணி' என்று ஒரு வார்த்தை போதும். அம்மா சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம், 'நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?' என்ற எண்ணம் குறுக்கே வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

அன்று முதல் இருவருக்கும் நடுவே சிட்டுதான் தபால்காரி.

"சிட்டு, அத்தைகிட்ட சாப்பாடு ஆயிடுச்சுன்னு சொல்லு."

"சிட்டு, எனக்குப் பசியில்லைன்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் நல்லாத்தானே காது கேக்குது?" என்பாள் சிட்டு.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் இரவு பூமி லேசாகப் புரண்டு படுத்தது.

*

அப்பாவுக்குக் குறட்டை உண்டு. அதற்கு அம்மா ஒரு வழி வைத்திருந்தாள். குறட்டை உச்சத்துக்குப் போகும்போது சுவரில் முதுகைக் கொடுத்து, கட்டில் சட்டத்தில் காலை ஊன்றி நன்றாக ஆட்டுவாள். அப்பா விழிக்காமலே புரண்டு படுப்பார். குறட்டை நிற்கும். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு.

அன்று இரவு கட்டில் ஆடியது. ஜன்னல் கம்பி கடகடத்தது. சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

"சரி தாயே, திரும்பிட்டேன்... திரும்பிட்டேன்" என்று முனகினார் அப்பா. "அதுக்கு இந்த ஆட்டு ஆட்டணுமா?" சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

"ஏங்க! எழுந்திருங்க! ஏங்க!" அம்மா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அதான் திரும்பிட்டேனே!"

அதற்குமேல் அவளுக்குப் பொறுமை இல்லை. சிட்டுவை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டாள். ஓடினாள். கூடத்தைக் கடந்து, அத்தையின் அறைக்கதவைக் கடந்து, வாசலைத் திறந்து, படிக்கட்டில் பாய்ந்தாள். வாசலோரம் மாட்டியிருந்த குடையை எதற்காகக் கையில் எடுத்தாள் என்பதை அவளைப் படைத்தவன்தான் சொல்ல வேண்டும்.

முதல் வளைவு திரும்பியபோது விளக்குகள் அணைந்தன. மேலேயும் கீழேயும் கதவுகள் படபடவென்று திறந்தன. யாரோ அலறினார்கள். யாரோ யார்மேலோ விழுந்தார்கள். அப்போது அந்தக் குரல் கேட்டது.

"பயணிகள் கவனத்திற்கு. பதற்றம் வேண்டாம். படிகளில் ஒருவர் பின் ஒருவராக இறங்கவும். குழந்தைகளின் கையை விட வேண்டாம். பயணிகள் கவனத்திற்கு..."

தெளிவான, அவசரமில்லாத, எல்லாருக்கும் பழக்கமான குரல். இருட்டுக்குள் முண்டியடித்த கூட்டம் சட்டென்று வரிசையானது. அந்தக் குரல் சொன்னால் ரயிலே நடைமேடை மாறும். மனிதர்கள் மாறமாட்டார்களா?

அம்மா மட்டும் ஒரு படியில் நின்றுவிட்டாள். அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். தான் இப்போதுதான் கடந்து வந்த கதவுக்குப் பின்னாலிருந்து.

ஒரு குரல் கொடுத்தா போதும்.

திரும்ப முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டே தெருவுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அதிர்வு எப்போதோ அடங்கியிருந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை. தெரு முழுக்க, தூக்கக் கலக்கத்தோடு, கலைந்த தலையோடு, கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு மனிதர்கள். தரைத்தளத்துப் பல் டாக்டர் ஒரு தலையணையை அணைத்துக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில் நிற்பதைப் பார்த்துவிட்டு அவசரமாக அதைக் கீழே போட்டார்.

மின்விசிறி நின்றதால் அப்பா விழித்துக்கொண்டார். ஓட்டுநர்களுக்கு அது ஒரு குணம். ஓடும் சத்தம் இருக்கும்வரை நிம்மதி, நின்றால் விழிப்பு. பால்கனிக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் தெருவுல நிக்கறீங்க? மந்திரி யாராவது வராரா?"

தெருவே சிரித்தது. பயந்து நடுங்கிய நெஞ்சங்கள் அந்த ஒரு கேள்வியில் இளகிவிட்டன. அம்மா மட்டும் மூடிய குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

அப்பா இறங்கி வந்தார். எல்லாருக்கும் கடைசியாக அத்தை வந்தாள். தலைவாரி, வேறு உடை மாற்றிக்கொண்டு, வேலைக்குப் புறப்படுவதுபோல நிதானமாக வந்தாள்.

"பார்த்தீங்களா, இந்த நேரத்திலும் எவ்வளவு ஒழுங்கு!" என்று பல் டாக்டரின் மனைவி வியந்தாள்.

*

காலையில் அப்பாவின் முகம் பள்ளி விடுமுறை கிடைத்த பையன் முகம்போல இருந்தது.

"சிட்டு, உங்க அம்மா ஒரு கையில உன்னைத் தூக்கினா. இன்னொரு கையில என்ன தூக்கினா?"

"குடை!"

"மழை பெய்ஞ்சுதா?"

"இல்லை!"

"அப்ப குடைக்கு இடம் இருந்துச்சு. பெத்த மகளுக்கு இடம் இருந்துச்சு. தாலி கட்டினவன்?"

"நடந்தே வந்துடறேன்னு நீங்கதானே சொன்னீங்க!" என்றாள் சிட்டு. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"போதும் நிறுத்துங்க" என்றாள் அம்மா. "உலுக்கினேன். ரெண்டு தடவை. காதுல வாங்கினீங்களா?"

"நீ தினமும் உலுக்கறியே! எது குறட்டைக்கு, எது பூகம்பத்துக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? வேற வேற மாதிரி உலுக்கணும்."

கூடத்தின் மேற்கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து தரை வெளுத்திருந்தது. அம்மா பெருக்கினாள். எல்லா அறையும் பெருக்கியாகிவிட்டது. அத்தையின் அறை மட்டும் மூடியிருந்தது.

"சிட்டு, அத்தை ரூமையும் பெருக்கட்டுமான்னு கேளு."

"வேணாம்" என்று கதவுக்குப் பின்னாலிருந்தே பதில் வந்தது. "நானே பார்த்துக்கறேன்."

அத்தைக்கு அன்று இரவுப் பணி. பகல் முழுக்க வீட்டில்தான் இருப்பாள்.

*

கண்ணாடிக் கடையில் அன்று ஈ நுழைய இடமில்லை.

இருட்டில் தேடியவர்கள் தங்கள் கண்ணாடியைத் தாங்களே மிதித்திருந்தார்கள். கால் ஒடிந்த கண்ணாடி, சில்லு பெயர்ந்த கண்ணாடி, யார் காலிலோ சிக்கிச் சப்பையான கண்ணாடி. ஒருவர் மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, "இதுல உலகமே கொஞ்சம் சாய்ஞ்சு தெரியுதும்மா" என்றார்.

"பூகம்பத்துக்கு நன்றி சொல்லிக் கடைவாசல்ல ஒரு போர்டு வைக்கலாமா?" என்றார் முதலாளி.

யார் வந்தாலும் ஒரே பேச்சு. நீங்க எதை எடுத்துட்டு ஓடினீங்க? ஒருவர் டிவி ரிமோட். ஒருத்தி மாமியாரின் பல் செட். மாமியாரையும் கூடவே எடுத்துவந்ததாகச் சேர்த்துச் சொன்னாள். அம்மாவும் சிரித்தாள். சின்னஞ்சிறு திருகுகளை முடுக்கிக்கொண்டே சிரித்தாள்.

அகலமான முகமுள்ள ஒரு மனிதர் அவள் முன்னால் வந்து அமர்ந்தார். அவள் அவருடைய கண்ணாடியின் காதுப்பக்க வளைவைச் சரிசெய்து மாட்டிவிட்டாள்.

"இன்னிக்குக் காலையில பஸ்ல ஒரு கதை கேட்டேன் பாருங்க" என்று ஆரம்பித்தார் அவர். "அந்த டிரைவர் பொண்டாட்டி இருக்காளே..."

"தலையை ஆட்டாதீங்க சார்."

"ஆட்டலை. புருஷன் தூங்கறான். பூகம்பம். இவ என்ன பண்றா? குடையை எடுத்துக்கிட்டு ஓட்டம்! கீழே போய்க் குடையை விரிச்சுக்கிட்டு நின்னாளாம்!"

"விரிக்கலை" என்றாள் அம்மா.

"என்ன?"

"காது வலிக்குதான்னு கேட்டேன்."

"இல்லை. பஸ்ல ஒருத்தருக்கும் சிரிச்சு மாளலை. ஆனா ஒண்ணும்மா, விளையாட்டுக்குச் சொன்னாலும், அந்த நேரத்துல யாரை நினைச்சோம், யாரை மறந்தோம்கறதுலதான் மனுஷன் யாருன்னு தெரியுது. இல்லையா?"

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். அதைத் துணியால் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

புருஷனை மறக்கவில்லை. உலுக்கினாள். அது அவளுக்குத் தெரியும், ஆண்டவனுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதவு? அதை மறந்தாளா? அல்லது வாரம் முழுக்கப் பேசாமல் இருந்த பழக்கத்தில் அவள் கால் தானாகவே அதைக் கடந்துவிட்டதா? அம்மாவைக் காலையிலிருந்து குடைந்தது இதுதான். ஊர் சிரித்தது வேறொன்றுக்கு. அவள் வெட்கப்பட்டது வேறொன்றுக்கு.

'நான் அவ்வளவு கெட்டவளா, ஆண்டவனே?' என்று மனதுக்குள் கேட்டாள். அடுத்த வாடிக்கையாளர் உடைந்த கண்ணாடியை நீட்டினார்.

*

"ஊர் பூரா டிக்கெட் போட்டு வித்திருக்கீங்க போல!" மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரு, நானா? கண்டக்டர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

"கண்டக்டர்கிட்ட சொல்றதும் மைக்ல சொல்றதும் ஒண்ணுதானே!"

"அவன் நல்லாத்தான் சொன்னான். குடையை விரிச்ச மாதிரி அவனா ஒண்ணு சேர்த்தான். அங்கதான் கைதட்டு."

"உங்களுக்கு எல்லாம் சிரிப்பு. கட்டில் ஆடினாலும் சிரிப்பு, கட்டடம் ஆடினாலும் சிரிப்பு. நான் ஒருத்திதான் இந்த வீட்டுல பயப்படறதுக்குப் பிறந்தவ."

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"நான் ஒண்ணு சொல்லட்டா? முழிச்சுப் பார்த்தப்ப பக்கத்துல நீ இல்லை. குழந்தை இல்லை. இருட்டு. கட்டில் பூராக் கையால தடவிப் பார்த்தேன். பால்கனிக்குப் போய், கீழே குடையோட நீ நிக்கறதைப் பார்த்தப்பதான் மூச்சு வந்துச்சு. அந்தக் குடையை நான் சாகறவரைக்கும் சொல்லுவேன். உனக்குப் பிடிச்சாலும் சொல்லுவேன், பிடிக்காட்டியும் சொல்லுவேன்."

அம்மாவுக்குக் கோபம் எங்கோ போய்விட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, உங்களை எழுப்பினேன். அது வேற. ஆனா..."

"ஆனா?"

சொல்லிவிடத்தான் நினைத்தாள். அழைப்புமணி அடித்தது.

நாலாம் மாடி டியூஷன் டீச்சரும் பல் டாக்டர் தம்பதியும் வாசலில் நின்றார்கள். டாக்டர் கையில் பெரிய பூங்கொத்து. "ஸ்டேஷன் அக்கா இருக்காங்களா?"

பகல் முழுக்க இப்படித்தான் வந்துகொண்டிருக்கிறார்களாம். சிட்டு அம்மாவின் காதில் ஓதினாள். "அத்தையைக் கொஞ்சநேரம் சும்மா விடலைம்மா. ஒருத்தர் போனா ஒருத்தர்."

அத்தை அறையிலிருந்து வந்தாள். கதவைத் தன் பின்னால் சாத்திக்கொண்டு வந்தாள்.

"நீங்க மட்டும் குரல் கொடுக்கலைன்னா நாங்க படியிலேயே நசுங்கியிருப்போம்" என்றார் டாக்டர். "எங்களையெல்லாம் இறக்கிவிட்டுட்டு நீங்க உள்ளேயே இருந்தீங்களே! அது யாருக்கு வரும்?"

அத்தை பூங்கொத்தை வாங்கிக்கொண்டாள். அதை எந்தப்பக்கம் பிடிப்பதென்று தெரியாதவள்போல நின்றாள்.

டியூஷன் டீச்சர் அம்மாவின் பக்கம் திரும்பினாள். தப்பைக் கண்டால் சிவப்பு மையைத் தேடும் சுபாவம் அவளுக்கு.

"தப்பா நினைச்சுக்காதேம்மா. நான் உன் பின்னாலேயேதான் இறங்கினேன். நீ குடையும் குழந்தையுமா ஓடறே. அவங்க குரல் உங்க வீட்டுக்குள்ளேயிருந்து வருது. அவங்களை ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே? எனக்கு மனசு கேக்கலை."

அப்பாவின் சிரிப்பு நின்றது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை. உண்மையும் வாய்க்கு வரவில்லை.

"கூப்பிட்டாளே" என்றாள் அத்தை.

எல்லாரும் திரும்பினார்கள்.

"முதல்ல என் கதவைத்தான் தட்டினா. அண்ணி, வாங்கன்னா. நான்தான், நீ குழந்தையைத் தூக்கிட்டுப் போ, தம்பியை நான் பார்த்துக்கறேன்னு அனுப்பினேன். போக மனசில்லாமத்தான் போனா." ஒரு நொடி நிறுத்தினாள். "குடையைக்கூட நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன்."

"குடையை எதுக்கு?" என்றார் டாக்டர்.

"கூரை உதிர்ந்தா குழந்தை தலைக்கு இருக்கட்டுமேன்னு."

"அட! எவ்வளவு யோசனை!" என்றாள் டாக்டரின் மனைவி. டியூஷன் டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காதேம்மா" என்றாள்.

அப்பாவின் முகம்தான் பார்க்க வேண்டியதாக இருந்தது. "அக்கா, என் கதையையே கெடுத்துட்டியே! நாளைக்குக் கண்டக்டருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

பொய் சொல்லக்கூடாது என்றுதான் நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். சரியான பாடம்தான். ஆனால் இன்னொருவர் மானத்தின்மேல் போர்த்த ஒரு துணி கிடைக்காமல், அந்த அவசரத்தில் ஒருவர் தன் மேல்துண்டையே எடுத்துப் போர்த்திவிட்டால், ஆண்டவன் அதைக் கோபத்தோடு பார்ப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

வந்தவர்கள் போனார்கள். அத்தை பணிக்குப் புறப்பட்டாள்.

"அக்காவை ஸ்டேஷன்ல விட்டுட்டு, அப்படியே ஒரு டார்ச் வாங்கிட்டு வரோம்" என்றார் அப்பா. சிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் இறங்கினாள்.

வாசற்படியில் அம்மா அத்தையின் பின்னால் போய் நின்றாள்.

"அண்ணி."

சிட்டுவின் வழியாக வராமல் நேராக வந்த சொல். ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் சொல். அத்தை நின்றாள். திரும்பவில்லை.

"நாளைக்குக் காலையில மாற்றல் விஷயமா கூப்பிடுவாங்க" என்றாள். "சரின்னு சொல்லணும், இல்லை வேணாம்னு சொல்லணும்."

"நீங்க என்ன சொல்லப்போறீங்க?"

"ராத்திரி பூரா ரயில் வரும், போகும். யோசிக்க நேரம் இருக்கு."

கீழேயிருந்து அப்பா குரல் கொடுத்தார். அத்தை இறங்கிப் போய்விட்டாள். 'போகாதீங்க' என்பது அம்மாவின் உதட்டில் வந்து நின்றபடியே நின்றது.

வீடு காலியாக இருந்தது. அம்மா கொஞ்சநேரம் கூடத்தில் நின்றாள். வாயால் சொல்ல முடியாததைக் கையாலாவது செய்யலாம் என்று தோன்றியது. அந்த அறையில் மட்டும்தான் நேற்றைய சுண்ணாம்புத் தூள் இன்னும் கிடக்கும். பெருக்கி, துடைத்து வைத்தால் காலையில் களைத்து வருபவளுக்கு நன்றாக இருக்கும். விளக்குமாற்றையும், ஒரு வாளியில் சோப்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டாள்.

உள்ளே யாருமில்லை என்று தெரிந்தும் கதவை ஒருமுறை தட்டினாள். பிறகு திறந்தாள்.

ஜன்னல் இறுகச் சாத்தியிருந்தது. பினாயில் நெடி. அதற்குமேல் முகப்பவுடர் வாசனை. அதற்கும் அடியில் வேறொரு நெடி. படுக்கையை நனைக்கும் குழந்தையை வளர்த்தவளுக்கு அந்த நெடியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கட்டிலில் ஒரு தடித்த போர்வை விரிக்கப்பட்டிருந்தது. அம்மா அதன் ஓரத்தைத் தூக்கினாள். பஞ்சு மெத்தை தலைகீழாகத் திருப்பிப் போடப்பட்டிருந்தது. அடியில் கைவைத்தாள். இன்னும் ஈரம்.

அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணி உள்ளேயே இருந்தது தைரியத்தால் இல்லை. எழுந்திருக்க முடியவில்லை. கால் வரவில்லை. இந்த இருட்டில், இந்தக் கட்டிலில் தனியாகக் கிடந்து நடுங்கியிருக்கிறாள். உடம்பு தன் வசம் இல்லாதபோதும், இத்தனை வருடம் உழைத்த குரல் மட்டும் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஊரையெல்லாம் பத்திரமாக இறக்கிவிட்டது. அண்ணியை இறக்க யாரும் வரவில்லை.

ஒரு தட்டு தட்டியிருந்தால் போதும். கையைப் பிடித்து எழுப்பியிருந்தால் போதும்.

விடிந்ததிலிருந்து இதை ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தனியாக மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கவும் முடியாது. தூக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் யாராவது பாராட்ட வந்து நின்றிருப்பார்கள். இந்த அவமானத்தை முதுகுக்குப் பின்னால் சாத்திவைத்துக்கொண்டு வந்துதான், டீச்சர் முன்னால் அவள் அம்மாவுக்காகப் பேசியிருக்கிறாள்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுவதற்கு நேரமில்லை. டார்ச் வாங்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

மெத்தையைத் துவைக்க வேண்டும். காயப்போட வேண்டும். அதைச் செய்தால் அண்ணிக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டதென்று தெரிந்தால், இந்த வீட்டில் அவளால் தலைநிமிர்ந்து ஒருவேளை சாப்பிட முடியுமா? நாளைக்கே மாற்றலுக்குச் சரி என்று சொல்லிவிடுவாள்.

அம்மா எழுந்தாள். தூக்கிய போர்வையைப் பழையபடியே விரித்தாள். சுருக்கங்கள்கூட முன்பிருந்த மாதிரியே இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். காற்று வந்தது.

பிறகு வாளியை இரண்டு கையாலும் தூக்கி, சோப்புத் தண்ணீர் முழுவதையும் கட்டில்மேல் கவிழ்த்தாள். போர்வை நனைந்தது. மெத்தை நனைந்தது. கட்டிலின் அடியில் தண்ணீர் ஓடி, சுண்ணாம்புத் தூளைக் கரைத்துக்கொண்டு கதவுவரை வந்தது. போதுமா என்று சந்தேகமாக இருந்தது. குளியலறைக்குப் போய் இன்னொரு வாளி கொண்டுவந்து ஊற்றினாள். இனி இந்த மெத்தையில் எது எந்த ஈரம் என்று யாராலும் சொல்ல முடியாது.

தன் கட்டிலிலிருந்து தன்னுடைய மெத்தையை உருவி இழுத்துவந்து, கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். காலையில் வருபவள் உலர்ந்த இடத்தில் படுக்கட்டும்.

நாளை முதல் பஸ்ஸில் புதுக்கதை ஓடும். குடைக்காரி வாளியைக் கவிழ்த்த கதை. கண்டக்டர் அதில் நாலு வாளி சேர்ப்பான். அகலமுகக்காரர் கடைக்கு வந்து அவளிடமே சொல்வார். சொல்லட்டும். அதை நினைத்ததும், விடிந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு உண்மையாகவே சிரிப்பு வந்தது.

வாளியைத் தரையில் உருட்டிவிட்டாள். நனைந்த புடவை நுனியைப் பிழிந்துகொண்டு, யாருமில்லாத அறையின் நடுவே நின்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"ஐயையோ! தண்ணியைக் கொட்டிட்டேனே!"

நம்பும்படி இல்லை. இன்னும் கொஞ்சம் பதற வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.